தட்டுக்கு ஒரு மன்றாட்டு

விளக்குப் பெட்டியின் வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் மருந்துக் குப்பிகள் தட்டுத் தட்டாக வந்துகொண்டிருந்தன. கீறலோ கரும்புள்ளியோ தெரிந்தால் எடுத்துப் போட வேண்டும். அவள் கண் குப்பிகளில் இருந்தது. முகக்கவசத்துக்குள் உதடு அசைந்தது. ஒரு தட்டு கடப்பதற்குள் ஓர் ‘அருள் நிறைந்த மரியே’. உள்ளே ஜெபமாலை கொண்டுவரக் கூடாது. அதைக் காலையில் மகளின் மணிக்கட்டில் சுற்றிவிட்டு வந்திருந்தாள்.

மகளுக்கு மூளைக் காய்ச்சல். கண் திறந்து நாளாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை போகும்; வேலை போனால் கம்பெனி அட்டையில் கிடைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலும் போகும். நீ போ, நான் இவளை விட்டு அசைய மாட்டேன் என்று புருஷன்தான் அனுப்பிவைத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு சூப்பர்வைசர் வந்தார். ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம், பெல்ட் கொஞ்சம் வேகமாக ஓடுமாம். அந்தக் கொஞ்சத்தில் மூச்சு வாங்கியது. மன்றாட்டின் பாதியிலேயே அடுத்த தட்டு வந்து முட்டியது. அவள் சுருக்கினாள்: ஆண்டவரே, உம் கையில் இருக்கிறாள். அதற்கும் நேரம் போதவில்லை. உம் கையில். உம் கையில்.

பக்கத்து ஸ்டூல்காரியை எல்லோரும் லவுட்ஸ்பீக்கர் என்பார்கள். இவளுடைய முகக்கவசம் அசைவதை அவள் பார்த்துவிட்டாள்.

“ஏங்க்கா, இவ்வளவு வேகமா சொன்னா உங்க மாதாவுக்குப் புரியுமா?”

“புரியும்டி. அவங்களும் புள்ள சாகுறத நின்னு பாத்தவங்கதான்.”

லவுட்ஸ்பீக்கர் தன் ஸ்டூலை இவள் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். அவ்வப்போது இவளுடைய தட்டு ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் சூப்பர்வைசர் திரும்பி வந்தார். கூடவே தொப்பியும் கையுறையும் போட்ட இன்னொருத்தி.

“எழுந்திரும்மா. உன் வீட்டுக்காரர் கேட்ல நிக்கிறாரு.”

அசைய மாட்டேன் என்றவன் கேட்டில் நிற்கிறான். அவள் கை குப்பியோடு அப்படியே நின்றது.

“எப்ப வந்தாரு?”

“அது ஆச்சு, ரொம்ப நேரம். மாத்து ஆள் கிடைக்க வேணாமா?”

அவள் எழுவதற்குள் புதியவளின் கை அவள் தோளுக்கு மேலாக நீண்டு தட்டை இழுத்தது. பெல்ட் நிற்கவில்லை.

வாசலில் காவலாளிப் பெண் வழக்கம்போல் மறித்தாள். வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். கம்பிக்கு அப்பால் புருஷன் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் ‘பார்வையாளர்’ என்ற அட்டை. மூடிய கையிலிருந்து ஜெபமாலையின் சிலுவை தொங்கியது.

“கையை விரிங்கக்கா.”

அவள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நின்றாள். காவலாளி அவள் பைகளைத் துழாவினாள். எதிரே தட்டு எதுவும் வரவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, நிறுத்தி நிதானமாக, ஆமென் வரை சொன்னாள்.