ஒரே பேரு

இமை என்றால் கண்ணைக் காக்கிறவள். அப்பா அப்படித்தான் சொல்லி வளர்த்தார். "நீ பொறந்தப்ப கண்ணையே திறக்கல. இமையைத்தான் மொதல்ல பார்த்தேன். அங்கேயே பேரை வெச்சுட்டேன்." துணிக்கடையில் தன்னோடு வேலை பார்க்கிறவர்கள், "இதென்னங்க பேரு?" என்று கேட்டால் போதும், முகமெல்லாம் பல்லாக இமை அந்தக் கதையைச் சொல்வாள்.

அப்பா லிப்ட் மெக்கானிக். மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. இப்போது மாரடைப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். இவளும் அம்மாவும் வெளியே இரும்பு நாற்காலியில் காத்திருந்தார்கள்.

நர்ஸ் கதவைப் பாதி திறந்து, "இமை யாரு? அந்த லிப்ட் மெக்கானிக் கூப்பிடுறாரு" என்றாள்.

இவள் எழுந்தாள். எதிர்வரிசையில் மடியில் கூடையோடு இருந்த பெண்ணும் எழுந்தாள்.

"அவர் எங்கப்பாங்க" என்றாள் இவள், ஏதோ குழப்பம் என்று நினைத்து.

"எனக்கும்தான்."

அப்பாவின் அதே சப்பை மூக்கு. அதே ஒட்டிய காது. இவள் அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தூக்கத்துல இமை, இமைன்னு பெனாத்துவாரு. யாருன்னு கேட்டா, நமக்குப் பொண்ணு பொறந்தா வைக்கப்போற பேருன்னாரு. நானும் பூரிச்சுப் போயிட்டேன். விஷயம் வெளிய வந்தப்ப நீ நடக்கவே ஆரம்பிச்சிட்ட. ரெண்டு வீட்லயும் ஒரே பேருன்னா வாய் தவறினாலும் மாட்டிக்க வேணாம்ல?"

இவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "கண்ணையே திறக்கல, இமையைத்தான் மொதல்ல பார்த்தேன்னு..."

அந்தப் பெண் தலையாட்டினாள். "இன்குபேட்டர்ல இருந்தேனாம்."

ஆக, அந்தக் கதைகூட இவளுடையது இல்லை.

"சீக்கிரம், ஒருத்தர்தான் வரலாம்" என்றாள் நர்ஸ்.

"நீங்க போங்க. மூத்தவங்க நீங்கதானே" என்று இவள் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆட்டோ வைத்து இவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். மறுநாள் கட்டிலில் படுத்தபடி, ஒன்றுமே நடக்காதவர்போல், "இமை, கொஞ்சம் வெந்நீர் கொண்டா" என்றார்.

டம்ளரை நீட்டிக்கொண்டே இவள் கேட்டாள்: "எந்த இமையைக் கேட்டீங்க?"

அவர் வாங்கப்போன டம்ளர் நழுவிப் போர்வையெல்லாம் தண்ணீர். சமையல்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள், துடைக்க வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால், "ஏம்மா" என்பார், சுவரைப் பார்த்துக்கொண்டு.