உலர்திராட்சையும் ஒடெஸ்ஸா வீட்டின் விலையும்

1

இந்தக் கதை ஒரு காரின் பின்சீட்டில் பிறந்தது. என்னோடு அங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் தொப்பிகள் ஒரு மூட்டையும், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் டப்பாக்களும், சட்டம் போட்ட குடும்பப் படங்களும், என் சாம்பார்பொடியும் இருந்தன. வீட்டின் விலையைக் குறைக்கக்கூடியவை என்ற வகையில் நாங்கள் எல்லோரும் அன்று ஒரே இனம். தெருக்கோடியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தோம்.

முன்சீட்டில் வீட்டுக்காரி ஒடெஸ்ஸா ப்ரூயிட், பக்கத்தில் அவள் கணவன் கிளியோஃபஸ். நான் அவர்கள் வீட்டு மாடியறை வாடகைக்காரன். (நேரில் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவேன். பள்ளியில் பாட்டு வாத்தியார். கதையில் 'அவள்' என்று எழுதும் தைரியம், அவளுக்குத் தமிழ் தெரியாததால் வந்தது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "சின்சினாட்டி நகரின்மேல் கவிந்த மேகங்கள் ஒரு சமூகத்தின் கண்ணீரைச் சுமந்தபடி". நிறுத்தினேன். அன்று சுள்ளென்று வெயில்.

இரண்டாவது: "ஒடெஸ்ஸாவின் கண்களில் ஆழ்ந்த". ஆழ்ந்த எதுவும் இல்லை. கண்ணுக்குச் சொட்டுமருந்து போட்டிருந்தாள்.

சரி, நடந்தது நடந்தபடி. கிளியோ காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டி முட்டி தேய்ந்தவன். படுக்கையறை, குளியலறை இரண்டும் மாடியில். படியேற முடியாமல் குளிர்காலம் முழுக்கக் கூடத்து சோஃபாவில் படுத்தான். கீழேயே குளியலறையோடு ஓர் அறை கட்ட வேண்டும் என்று ஒடெஸ்ஸா வீட்டின்மேல் கடன் கேட்டாள். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார், அளந்தார், சுவரில் இருந்த படங்களில் கறுப்பு முகங்களைப் பார்த்தார், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டாலர் என்று எழுதினார். அந்த விலைக்குக் கிடைக்கும் கடனில் அறைக்குக் கதவு வேண்டுமானால் வாங்கலாம்.

எதிர்வீடும் அதே ஆள் அதே வருடம் கட்டியதுதான். போன வருடம் அதற்குப் போட்ட விலை இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம்.* அங்கே இருப்பவர்கள் டேலும் கிரெட்சனும், வெள்ளைக்காரர்கள். டேல் கிளியோவோடு ஒரே டிப்போவில் பேருந்து ஓட்டியவன்.

(* வித்தியாசம் கண்டுபிடிக்க நடுத்தெருவில் நின்று இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எதிர்வீட்டு நிலவறையில் தண்ணீர் ஊறும். அதை 'நீர்நிலை வசதி உண்டு' என்று எழுதியிருக்கலாம்.)

3

திட்டம் புதிதல்ல. கறுப்பர் குடும்பங்களில் யாராவது ஒரு சித்தியோ மச்சானோ செய்து பார்த்ததுதான். வேறு வங்கி, வேறு மதிப்பீட்டாளர். வீட்டிலிருந்து வீட்டுக்காரர்களின் அடையாளத்தை எடுத்துவிட வேண்டியது. டேல் வீட்டுச் சொந்தக்காரனாக நிற்பான்.

இந்த டேல் பாத்திரத்தை நான் நம்பவில்லை. இவ்வளவு நல்லவன் கதைக்கு ஆகாது. ஒரு பிரதியில் அவனுக்குக் கபடச் சிரிப்பு வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. நிஜ டேலின் குறை ஒன்றே ஒன்று. அவனுக்குப் பொய் வராது. ஒடெஸ்ஸா அவனைப் பாட்டு வகுப்புப் பிள்ளையைப் போல நிற்கவைத்து ஒத்திகை பார்த்தாள்.

"குளியலறை எங்க?"

"மாடில, இடது பக்கம்."

"அது உன் வீட்டுல. இங்க வலது பக்கம்."

"விடு ஒடெஸ்ஸா, அவன் பஸ்ஸையே அப்படித்தான் ஓட்டினான்," என்றான் சோஃபாவிலிருந்து கிளியோ.

படங்கள் இறங்கின. அந்த ஆணிகளில் டேலின் கல்யாணப் படமும், அவன் ஒரு பெரிய மீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் படமும் ஏறின. ஒடெஸ்ஸா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. வீடு தத்ரூபமாக இருக்கட்டும் என்று கிரெட்சன் தன் கையால் செய்த உருளைக்கிழங்கு சாலடைக் கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் ஒடெஸ்ஸா சுளித்தாள்.

அதில் உலர்திராட்சை கிடந்தது.

இந்தப் பக்கத்துக் கறுப்பர் வீட்டு விருந்துகளில் யார் செய்தது என்று விசாரிக்காமல் யாரும் கிழங்கு சாலடில் கரண்டி வைக்க மாட்டார்கள். திராட்சை போட்டவளுக்கு அடுத்த விருந்தில் பேப்பர் தட்டு வாங்கிவரும் பொறுப்பு மட்டும்தான் கொடுப்பார்கள். கிரெட்சன் போனதும் ஒடெஸ்ஸா அதைக் குப்பையில் கொட்டினாள். கிழங்கு வேகவைத்தாள், முட்டை உரித்தாள், கடுகு விழுது கலந்தாள், கிரெட்சனின் கிண்ணத்திலேயே நிரப்பினாள்.

"என் சமையலறையில நின்னு எவனாவது அதத் தின்னுட்டுப் போனா, பேரு எனக்குத்தான் கெடும்."

"இன்னிக்கு உனக்குப் பேரே கிடையாதேம்மா," என்றான் கிளியோ.

4

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆசிரியரைக் காரில் பூட்டிவிட்டு முக்கியக் காட்சியை நடத்திய கதை இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே கற்பனை செய்தேன். மதிப்பீட்டாளர் மனம் திருந்தி அழுவது. (அடித்துவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.) மதிப்பீட்டாளரும் கறுப்பராக இருந்து, கூடத்தில் நின்று கண்ணடிப்பது. இது எனக்குப் பிடித்திருந்தது. ஒடெஸ்ஸாவிடம் சொன்னதும், டி.வி. பாக்கறதக் கொறை தம்பி என்றாள்.

டேல் வந்து சொன்னது இது. வந்தவர் மீனைப் பாராட்டினார். குளியலறை கேட்டார், டேல் இடது பக்கம் என்று சொல்லி அவரைத் துணி அலமாரிக்குள் அனுப்பினான். அந்தப் பதற்றத்தில் வலியப் போய் சாலட் எடுத்து நீட்டினான். அவர் சாப்பிட்டார், இன்னொரு தட்டு வாங்கினார், யார் செய்தது என்று கேட்டார். டேல் மீனைப் பார்த்தான்.

"என் பொண்டாட்டின்னு சொல்லிட்டேன்," என்றான் கார் ஜன்னலில் குனிந்து. காது மடல் சிவந்திருந்தது.

ஒடெஸ்ஸா அவன் பக்கம் திரும்பினாள்.

"வீட்டக் குடுத்தேன், சரி. சாலடையும் குடுக்கணுமா?"

5

விலை வந்தது: இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். கூரை அதே கூரை, தரை அதே தரை. வெளியே போனது நாங்கள், உள்ளே வந்தது ஒரு மீன். ஆகவே எங்கள் மொத்த மதிப்பு, சாம்பார்பொடி உட்பட, கழித்தல் எழுபத்திரண்டாயிரம். மீனுக்குத் தனியாக எவ்வளவு என்று தெரியவில்லை.

இங்கேதான் கதை விளையாட்டை விட்டது. சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று கடன் ஒப்பந்தம். கையெழுத்திட்டால் கோடைக்குள் கிளியோவுக்கு அறை. மற்றது அரசு அலுவலகத்துக்கான புகார், இரண்டு மதிப்பீடுகளையும் வைத்து. அனுப்பினால் டேலின் நாடகத்தையும் சொல்ல வேண்டும். விசாரணை முடியும்வரை கடன் நிற்கும். எத்தனை குளிர்காலமோ. அனுப்பாவிட்டால், அடுத்த வாரம் மூன்றாம் வீட்டு டாலிவர் தம்பதியிடம் அதே முதல் மதிப்பீட்டாளர் வருகிறார். அவர்களும் கறுப்பர்கள், எதிர்வீட்டில் டேல் இல்லை.

6

இரண்டு முடிவுகளும் எழுதி ஒடெஸ்ஸாவுக்குச் சொன்னேன். ஒன்றில் புது அறையில் கிளியோ குறட்டை விடுகிறான். மற்றதில் அலுவலகத்தில் அவள் பேர் சொல்லி அழைக்கிறார்கள். எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, முடிவை வாசகரிடம் விட்டுவிடப் போகிறேன் என்றேன். பெருந்தன்மை என்றுதான் நினைத்தேன்.

"அவங்க இந்த வீட்டப் பாத்திருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"இவரு முட்டியப் பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"வந்து பாத்தவனே தப்பா எழுதிட்டுப் போனான். பாக்காதவங்க வேற எழுதணுமா?"

சோஃபாவிலிருந்து கிளியோ சொன்னான், "எனக்காக யோசிக்காத. இது எனக்குப் பழகிப்போச்சு." டேலைவிட மோசமாகப் பொய் சொல்லும் மனிதனை அன்றுதான் பார்த்தேன்.

"உன்ன யாரு கேட்டா," என்றாள் அவனிடம். என்னிடம், "நீ மேல போ தம்பி."

படியில் பாதி ஏறித் திரும்பினேன். அவள் ஒரு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து எந்தத் தாள் என்பது நன்றாகவே தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினேன்.

நீங்களும் ஏறுங்கள். அங்கே நின்று எட்டிப் பார்க்காதீர்கள்.