ஹவில்தாருக்குக் கொடுத்த கை

சீனிச்சாமி பேரத்தில் தோற்றார் என்று ராஜபாளையம் வட்டாரத்தில் யாரும் சொன்னதில்லை. சத்திரப்பட்டியில் பன்னிரண்டு தறி ஓட்டிப் பேண்டேஜ் துணி நெய்கிறவர். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி விற்பார், ஆனால் பேசமாட்டார். எதிரில் இருப்பவர் விலை கேட்பார். இவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பார். அவர் திரும்பவும் கேட்பார். இவர் ஃபேனை விட்டுச் சுவர்க் காலண்டருக்குப் போவார். கடைசியில் அவரே ஒரு விலையைச் சொல்லி, அது குறைச்சலோ என்று அவரே கொஞ்சம் ஏற்றி, டீயும் வரவழைத்துக் கொடுப்பார்.

பேச்சு முடிந்ததும் சீனிச்சாமி வலது கையை நீட்டுவார். அதோடு தீர்ந்தது. மறுநாள் நூல் விலை தாறுமாறாக ஏறினாலும் கொடுத்த கை கொடுத்ததுதான். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கையை அவர் பின்னுக்கு இழுத்ததில்லை. கறாரான ஆள் என்று திட்டுகிறவர்கள்கூட அந்தக் கையைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

அந்தக் கைக்குத்தான் இப்போது கண்டம் வந்திருந்தது.

விஷயம் இதுதான். அவர் மகள் யுவராணியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பானுப்பிரியாவும் நீட் கோச்சிங்கில் ஒரே பெஞ்ச். பிள்ளைகள் உள்ளே படிக்க, அப்பாமார் இருவரும் எதிர் டீக்கடையில் காத்துக் கிடந்து சிநேகமானவர்கள். பானுவின் அப்பா இருளப்பசாமி பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். டீக்கடை பெஞ்சில்கூட முதுகு வளையாமல்தான் உட்காருவார். அதிகம் பேசமாட்டார். விவரம் தெரியாத வெள்ளந்தி மனுஷன் என்று சீனிச்சாமி அவரைப் பற்றி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

பரீட்சையில் இரண்டு பெண்களும் வெளுத்து வாங்கினார்கள். மாநிலக் கவுன்சிலிங்கில் விருதுநகர் மெடிக்கல் காலேஜை முதலில் போடச் சொன்னது அப்பாமார்தான். ஒரே ரூம். திங்கட்கிழமை ஹவில்தார் காரில் கொண்டுபோய் விடுவது, வெள்ளிக்கிழமை சீனிச்சாமி கூட்டி வருவது. கேட்டபடியே இருவருக்கும் இடம் கிடைத்தது. அன்றைக்கே டீக்கடையில் வைத்துச் சீனிச்சாமி கையை நீட்டினார்.

"ரெண்டு பிள்ளைகளும் விருதுநகர்தான். பேச்சு மாத்தம் கிடையாது."

ஹவில்தார் பிடித்த பிடியில் சீனிச்சாமியின் மோதிர விரல் இரண்டு நாள் மடங்கவில்லை.

நாலாம் நாள் அகில இந்திய ஒதுக்கீட்டு லிஸ்ட் வந்தது. யுவராணிக்குச் சென்னை.

"என்னட்டி இது?"

"சென்னைப்பா."

"அது தெரியுது. இதுல எதுக்கு எழுதிப் போட்ட?"

"சும்மாதாம்ப்பா போட்டேன். கிடைக்கும்னு நெனைக்கவே இல்ல."

"விருதுநகர்ல என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல. புதுக் கட்டடம், எல்லாம் புதுசு. ஆனா சென்னையில ஒரு நாளைக்கு எம்புட்டு நோயாளி வாராங்க தெரியுமா? புஸ்தகத்துல இருக்கிற வியாதி அம்புட்டும் நம்ம முன்னால வரிசையில வந்து நிக்கும்ப்பா."

இதைச் சொல்லும்போது அவள் கண் மினுங்கியது. சரக்கு ஓடுகிற சந்தை எது, ஓடாத சந்தை எது என்று சீனிச்சாமிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மகளை அனுப்பிவிடுவது என்று மனசு அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டது. கைதான் ஒத்துழைக்க மறுத்தது.

"கை குடுத்துட்டனேட்டி."

அவர் மனைவி சுந்தரம்மாள் அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "குடுத்த கையைத் திரும்ப வாங்கிட்டு வாங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பிள்ளை எங்க சேரப்போறான்னு முடிவாகணுமாம். அதுக்குள்ள ஒங்க கைக்கு வைத்தியம் பாருங்க."

"நான் பானுகிட்ட போன்ல..." என்று ஆரம்பித்தாள் யுவராணி.

"போன்லயா கை குடுத்தேன்? நேர்ல போயித்தான் சொல்லணும். எனக்கு ஒரு மரியாதை இருக்குல்லா?"

யுவராணி எதையோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரிப்பா. நேர்லயே போயிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் சீனிச்சாமி பஸ் ஏறினார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று, ஹவில்தாரின் முழங்கால் வலிக்காக அரை டஜன் பேண்டேஜ் சுருள் பையில் இருந்தது. இடது பக்கம் மலை மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. அதைப் பார்க்கிற நிலைமையில் அவர் இல்லை. சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவர், தன்னை மறந்து வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"என்னை நீங்க மன்னிக்கணும்."

"எதுக்கு அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர். "சில்லறை இல்லையா?"

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்ததும் இறங்கினார். மடவார் வளாகத் தெருவில் ஹவில்தார் வீட்டுக் கேட்டை அவர் தொடுவதற்குள் அது தானாகத் திறந்தது. உள்ளே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஹவில்தார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க! வெயில்ல வந்திருக்கீக. இந்தச் சேர்ல உக்காருங்க. அதுல வேண்டாம், இதுல. ஏ பானு, ஃபேனைக் கூட்டி வையி! மாமாவுக்குப் பால்கோவா எடுத்துட்டு வா!"

வந்தது ஒரு ஸ்பூன் இரண்டு ஸ்பூன் இல்லை. தட்டு நிறையக் குவித்து, கால் கிலோவாவது இருக்கும். பின்னாலேயே காராச்சேவு. அதற்குப் பின்னால் காப்பி. "வாங்க மாமா" என்று கும்பிட்ட பானு, நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து ஒரு விக்கல் சத்தம் வந்தது. பிள்ளை அழுகிறதோ என்று சீனிச்சாமிக்குச் சங்கடமாகப் போயிற்று.

ஆனால் இரண்டாவது வாய் பால்கோவா இறங்கும்போது அவருடைய வியாபார மூக்கு விழித்துக்கொண்டது. கேட்காமலே எடையைக் கூட்டிப் போடுகிற கடைக்காரனைக் கண்டால் அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வரும். டீக்கடையில் ஒரு வடைக்கு மேல் வாங்கித் தராத மனுஷன் எதற்கு இத்தனை உபசாரம் பண்ணுகிறார்?

கண்ணை ஒரு சுற்று விட்டார். ஸ்டூல் மேல் பேப்பர். பேப்பருக்கு அடியில் ஒரு தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பானுவின் போட்டோ. போட்டோவுக்குக் கீழே மதுரை மெடிக்கல் காலேஜ்.

ஓகோ!

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மாதிரி சீனிச்சாமியின் நெஞ்சுக்குள் ஒரு ஆரவாரம் எழுந்தது. இவர்களும் கையை எடுக்கத்தான் தவிக்கிறார்கள்! அப்படியென்றால் தான் எதற்கு வாயைத் திறக்கவேண்டும்? முதலில் அவர் சொல்லட்டும். வாக்கு தவறியவர் ஹவில்தாராக இருந்துவிட்டுப் போகட்டும். முப்பது வருஷக் கை முழுசாக வீடு போய்ச் சேரும்.

சீனிச்சாமி ஃபேனைப் பார்த்தார்.

ஹவில்தார் முழங்காலைத் தடவினார்.

சீனிச்சாமி காலண்டருக்குப் போனார். அதில் பீரங்கி வண்டி படம். ஆகஸ்ட் மாசத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணி முடிக்கும்போது ஹவில்தார் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி... ஒரு விஷயம். எப்படிச் சொல்லன்னு தெரியல."

"சும்மா சொல்லுங்க ஹவில்தார். நமக்குள்ள என்ன?"

"பானுக்கு மதுரையில இடம் வந்திருக்கு."

இத்தோடு நிறுத்தியிருந்தால் சீனிச்சாமி ஜெயித்த ஆளாக அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஆனால் முடிந்த பேரத்திலும் கொசுறாக ஒரு முழம் கேட்டுப் பழகிய வாய். அது சும்மா இருக்கவில்லை. பெருமூச்சு ஒன்றை நீளமாக விட்டார்.

"அப்படியா... நல்ல சேதிதான். ஆனா நாம கை குடுத்தோமே ஹவில்தார். எம் பிள்ளை பானு பானுன்னு உசுர விடுதா. ரெண்டு பேருக்கும்னு ஒரே மாதிரி செவப்பு வாளி, ஒரே மாதிரி பாயி, எல்லாம் வாங்கி வச்சுட்டா. அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

வாளியும் கிடையாது, பாயும் கிடையாது. ஹவில்தாரின் தலை மெல்லக் குனிந்தது. மீசை தொங்கிப் போனது. பிறகு அவர் விறைப்பாக எழுந்து நின்றார்.

"நீங்க சொல்றதுதான் சரி அண்ணாச்சி. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்துச் சோத்தைத் தின்னது வாக்குத் தவறுறதுக்கா? மதுரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ரெண்டு பிள்ளைகளும் விருதுநகர்தான்!"

பேப்பருக்கு அடியிலிருந்த தாளை உருவினார்.

சீனிச்சாமி பால்கோவாத் தட்டை ஸ்டூலில் வைத்தார். "ஹவில்தார், பொறுங்க. அவசரப்பட வேண்டாம்."

"இதுல பொறுக்க என்ன இருக்கு? ஒங்க கை சாதாரணக் கையா?"

தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்தார். சர்ரென்று ஒரு விரற்கடை கிழிந்தது.

"ஐயோ, கிழிக்காதீங்க!" சீனிச்சாமி துள்ளி எழுந்ததில் காராச்சேவுத் தட்டு கவிழ்ந்தது. "எம் மகளுக்குச் சென்னையில கிடைச்சிருக்கு! அதைச் சொல்லத்தான் நான் வந்ததே! கையை எடுக்க வந்தவன் நாந்தான்! வாளியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! பிள்ளையை மதுரைக்கு அனுப்புங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நின்றார். முப்பது வருஷத்தில் ஒரே தடவையாக அவர் பேசிய அதிகபட்சப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

ஹவில்தார் மிச்சத்தையும் நிதானமாகக் கிழித்து, நாலாக மடித்து, காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தார்.

"இது ஜெராக்ஸ் அண்ணாச்சி. அசல் பீரோவுக்குள்ள இருக்கு."

உள்ளே அதுவரை விக்கலாக வந்தது இப்போது பெரும் சிரிப்பாக உடைந்தது. பானு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். கையிலிருந்த போனில் யுவராணியின் முகம், சிரித்துச் சிவந்து, கண்ணில் தண்ணீரோடு.

"அப்பா! நானும் பானுவும் லிஸ்ட் வந்த அன்னைக்கே ரெண்டு நிமிஷத்துல பேசி முடிச்சுட்டோம். நான் மதுரைக்குப் போயிக்கிறேன்னு அவ, நான் சென்னைக்குப் போயிக்கிறேன்னு நான். அவ்வளவுதான். அதைச் சொல்ல வந்தப்பதான் மரியாதை கிரியாதைன்னீங்க."

சீனிச்சாமி ஹவில்தாரைப் பார்த்தார். "அப்ப ஒங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"வாசல்ல வந்ததும் நீங்களே சொல்லிருவீகன்னு பாத்தேன். ஃபேனைப் பாத்தீக. சரி, பாதித் தாளை வெளிய நீட்டி வச்சிருக்கமே, அதைப் பாத்தாச்சும் சொல்லுவீகன்னு பாத்தேன். காலண்டரைப் பாத்தீக." ஹவில்தார் மீசையை மேலே ஏற்றினார். "பனிக்குள்ள ராப்பகலா அசையாமப் படுத்துக் கெடந்த ஆளு நான். எங்கிட்டப் போயி பொறுமையைக் காட்டுதீகளே!"

ஒரு கணம் சீனிச்சாமிக்கு வெட்கம் காது வரை ஏறியது. அடுத்த கணம் எங்கிருந்தோ வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேரில் விழுந்தார். ஒரு பிள்ளை சென்னைக்கு, ஒரு பிள்ளை மதுரைக்கு! தோற்றதில் இத்தனை லாபம் இருக்குமென்று யார் கண்டது?

"அந்தச் செவப்பு வாளி?" என்றாள் பானு.

"அதானே," என்றது போன். "ஒரே மாதிரி ரெண்டு வாளி. பாயும்."

"இல்லாத வாளியை இருக்குன்னு சொன்னதுக்கு அதுதான் தண்டனை," என்றார் ஹவில்தார். "வாங்க, பஜார்ல எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. ஒரு வாளி மதுரைக்கு, ஒரு வாளி மெட்ராசுக்கு. பேரம் நான் பேசுதேன். நீங்க பேசாம ஃபேனைப் பாருங்க."

பேண்டேஜ் சுருள்களைப் பையிலிருந்து எடுத்துச் சீனிச்சாமி நீட்ட, ஹவில்தார் வாங்கி முழங்காலில் வைத்து அழகு பார்த்தார். அதே உற்சாகத்தில் தன் கனத்த வலது கையை முன்னால் நீட்டினார்.

"அண்ணாச்சி, இன்னொண்ணு. படிச்சு முடிச்சதும் ரெண்டு டாக்டரும் நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரே ஆஸ்பத்திரி. துணி ஒங்க தறித் துணி. என்ன சொல்லுதீக? குடுங்க கையை!"

"அப்பா, குடுக்காதீங்க!" என்று போன் அலறியது.

சீனிச்சாமி அதற்குள் வலது கையைத் தட்டில் மிச்சமிருந்த பால்கோவாவுக்குள் மணிக்கட்டு வரை இறக்கிவிட்டிருந்தார்.

"எச்சிக் கை ஹவில்தார்," என்றார். "பொறவு பாத்துக்கிடுவோம்."