பராமரிப்பு என்று கேட்டிருந்தால்

எங்கள் வார்டு கவுன்சிலர் என் கூடப்பிறந்த தம்பி. தெருவில் அவனுக்குப் பெயர் 'ஆகட்டும்'. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போனாலும் ஆகட்டும், நாய் கடித்துவிட்டது என்று போனாலும் ஆகட்டும். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டான், ஆளுக்கொரு ஆகட்டும் கொடுத்துத்தான் அனுப்புவான். தேர்தலில் அவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். என் தையல் மெஷின் அப்போது துணி போர்த்தியே கிடந்தது. தைக்கக் கொடுத்த ரவிக்கையைக் கேட்டு வந்தவர்களிடம்கூட ஓட்டுத்தான் கேட்டேன். அதை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு பாதிதான் திரும்பியது. ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வார்த்தைக்கு நாம் காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பிசியோ பெண் எனக்குத் தெளிவாகச் சொல்லி அனுப்பினாள். தரை சமமாக இருக்க வேண்டும், இடுப்பு உயரத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும், நாலு பேர் பார்க்கிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது, அப்போதுதான் மனிதருக்கு ரோஷம் வந்து காலை எடுத்து வைப்பார். நடையை விட்டுவிட்டால் கால் மடங்கி இறுகிவிடும், அதற்குப் பிறகு தன்னிடம் அழைத்து வந்து பயனில்லை என்றும் சொன்னாள்.

சமமான தரைக்கு நான் எங்கே போவது? எங்கள் வீட்டில் மெஷினும் துணி வெட்டுகிற மேசையும் போக மிச்சம் இருப்பது ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற வழி. தெருவில் சாக்கடை மூடிகள் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கிடக்கும். எதிரே இருந்த பூங்கா ஒன்றுதான் கதி.

பூங்கா என்று பேர்தான். சறுக்கு மரத்தில் பாதி தகடு இல்லை. நடுவில் ஒரு நீரூற்றுத் தொட்டி, அது திறப்பு விழா அன்றுகூட ஊற்றியதில்லை, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித்தான் போட்டோ எடுத்தார்கள். ஆனால் அந்தத் தொட்டியைச் சுற்றி வட்டமாகச் சிமெண்டுத் தரையும், இடுப்பு உயரத்துக்கு இரும்புக் குழாய்க் கம்பியும் இருந்தன. யாரோ எதற்கோ போட்டது என் வீட்டுக்காரருக்கென்றே போட்டதுபோல அமைந்துவிட்டது. நல்ல கையான இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார். அதனால் எப்போதும் ஒரே திசைதான். எதிரே வருகிற பிள்ளைகள் தாமாக ஒதுங்கி வழிவிடும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆட்கள், "ஸ்டாப்பிங்ல நிறுத்தாம போறீங்களே டிரைவரே" என்று கேலி செய்வார்கள். அவர் பாதி வாயால் சிரிப்பார். முதலில் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பிறகு பின்னால் நடந்தேன். பிறகு ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டார். அந்த நாட்களில் நான் தைத்த தையல் எதுவும் கோணவில்லை.

இருட்டினால் அங்கே விளக்கு இல்லை. கழிப்பறையும் இல்லை, அவருக்கு அவசரம் என்றால் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாடு பெரும்பாடு. கம்பியில் ஓரிடம் வெல்டிங் விட்டு ஆடியது. இந்த மூன்றையும் கேட்டு ஒரு மனு கொடுப்போம் என்று நான்தான் ஆரம்பித்தேன். எழுதித் தருவதாகக் கோடி வீட்டு மேனேஜர் முன்வந்தார். அவர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், பேனா பிடித்தால் விடமாட்டார். நான் சொன்ன விளக்கையும் கழிப்பறையையும் கம்பியையும் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். இப்படிச் சில்லறையாகக் கேட்டால் சில்லறையாகத்தான் கிடைக்கும், மொத்தமாகக் கேட்க வேண்டும் என்றார். 'பூங்கா அமைந்துள்ள இடத்தை மேம்படுத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினார். வாசித்துக் காட்டியபோது எங்களுக்கே பெருமையாக இருந்தது. தெருவே கையெழுத்துப் போட்டது. தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அதை ஒருமுறை படித்தான், இன்னொரு முறையும் படித்தான். ஆகட்டும்க்கா என்றான்.

அது மன்றக் கூட்டத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் தெருவே கிளம்பிப் போனோம். வீட்டுக்காரரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பார்வையாளர் பெஞ்சு பின்னால், தலைக்கு மேல் மின்விசிறி ஒன்று கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. முன்னால் கவுன்சிலர்கள். தலைவி அம்மா தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போவார், ஒவ்வொன்று முடிந்ததும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள், தட்டினால் நிறைவேறியது என்று அர்த்தம். எதிர்ப்பு என்று யாராவது எழுந்தால் மட்டும் நின்று கேட்பார். அன்றைக்கு யாரும் எழவில்லை. எங்கள் முறை வந்தது. பகுதி மக்களின் கோரிக்கையை ஏற்றுப் பூங்கா இடத்தில் மேம்பாட்டுப் பணி மேற்கொள்ள மன்றம் அனுமதிக்கிறது என்று வாசித்தார். மேசைகள் தடதடத்தன.

நாங்கள் கை தட்டினோம். மேனேஜர் எழுந்து நின்றே தட்டினார், தன் வாக்கியத்துக்கே தட்டுகிற முகத்தோடு. என் வீட்டுக்காரருக்குத் தட்ட இன்னொரு கை ஏது? இடது கையால் பெஞ்சுப் பலகையை ஓங்கி ஓங்கித் தட்டினார். அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. தலைவி அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, பொதுமக்களும் வரவேற்றார்கள் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். தம்பி மட்டும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் பூங்காவைச் சுற்றி நீலத் தகரம் அடித்தார்கள். வேலை முடிகிறவரை பொறுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தினேன். அதற்கு மறுநாள் தகரத்தின் மேல் பலகை ஏறியது. படத்தில் மூன்று மாடிக் கட்டடம், கண்ணாடி, கடைகள், கீழே கார்கள். மொட்டை மாடியில் நாலு தொட்டிச் செடி வைத்து அதற்குப் 'பசுமைப் பகுதி' என்று பெயர் போட்டிருந்தார்கள். நான் செருப்புக்கூடப் போடாமல் தம்பி வீட்டுக்கு ஓடினேன்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவி வரட்டும் என்று காத்திருக்கிற பொறுமை எனக்கு இல்லை.

"நாங்க கேட்டது என்னடா, நீங்க கட்டறது என்னடா?"

"மேம்பாடுன்னு தானேக்கா கேட்டீங்க."

"லைட்டு போடுங்க, கக்கூஸு கட்டுங்க, கம்பிய ஒட்டுங்கன்னுதான் கேட்டோம். வேற என்ன கேட்டோம்?"

"அதுக்குப் பேரு பராமரிப்பு. ஆபீஸ்ல மேம்பாடுன்னா கட்டடம்தான். பராமரிப்புன்னு எழுதிக் கொடுத்திருந்தா லைட்டு போட்டுட்டுப் போயிருப்பாங்க."

"மனுவ நீ படிச்சியே. உனக்கு அப்பவே தெரியுமா?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"தெரியும்."

அவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனான். அந்த இடத்தில் வணிக வளாகம் கட்ட வேண்டும் என்று மேலே ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். மக்கள் கேட்டால் பார்க்கலாம் என்று இவன்தான் தள்ளித் தள்ளிப் போட்டானாம். அப்புறம் மக்களே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். இவன் என்ன செய்வான்? நம்பும்படியாகத்தான் சொன்னான். ஒன்றிரண்டு இடத்தில் நம்பவும் செய்தேன், அதுதான் எனக்கு ஆத்திரம். வாயில் வந்தபடி வைதுவிட்டு வந்தேன்.

சட்டப்படி ஆட்சேபணை தெரிவிக்கலாம், விசாரணை உண்டு என்று ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். தகரத்தை முதலில் அடித்துவிட்டு விசாரணையைப் பிறகு வைப்பது அவர்கள் வழக்கமாம், மண் பரிசோதனைக்குத்தான் அடைத்திருக்கிறோம் என்பார்களாம். தெரு முழுக்க ஆட்சேபணை எழுதினோம். எழுதிய சூடு ஆறுவதற்குள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மருந்துக் கடைக்காரருக்கு வளாகத்தில் முன்பக்கக் கடை தருவதாகப் பேச்சு, அவர் என்னைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்கினார். பெஞ்சுக்காரர்கள் வேறு பெஞ்சு தேடிக்கொண்டார்கள். மேனேஜர் தன் வீட்டுக்கு மதிப்புக் கூடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, வளர்ச்சியைத் தடுக்கக் கூடாது பாருங்கள் என்று எனக்கே பாடம் எடுத்தார். அவர் பேனாவைப் பிடுங்கி ஒடித்திருப்பேன். கடைசியில் நான் ஒருத்திதான் மிச்சம்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் கால் இறுகிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் நடக்கவைத்தேன். மேசை மூலையில் இடித்துக்கொள்வார், கோபம் வந்து உட்கார்ந்துவிடுவார். தெருவில் கூட்டிப் போனபோது ஒரு பைக் உரசிக்கொண்டு போனது, இருவரும் சாக்கடை ஓரத்தில் விழுந்தோம். அதற்குப் பிறகு வாசலைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டார். விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நான் வாயால் சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்த மனிதர் கதவிலிருந்து அதிகாரியின் மேசை வரைக்கும் என் தோளைப் பிடித்து நடந்து போகட்டும். இவரை நடக்கவைத்த இடம் அது என்று நான் சொல்லவே வேண்டாம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தினமும் காலையில் காலுக்கு எண்ணெய் தேய்த்து மடக்கி நீட்டினேன். சுவரைப் பிடித்து நிற்கவைத்தேன். வலித்தால்கூடச் சொல்லாமல் நின்றார்.

"நட...க்கறேன்," என்றார். "பாரு."

விசாரணைக்கு ரெண்டு நாள் முன்பு தம்பி வந்தான். கூட ஒரு சக்கர நாற்காலி. பளபளவென்று புதிது, முதுகில் 'நகராட்சி மேம்பாட்டு நிதி' என்று பெயிண்டால் எழுதியிருந்தது. அலைந்து திரிந்து மாமாவுக்காக வாங்கி வந்தேன் என்றான், கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. சின்ன வயதில் என் இடுப்பில் உட்கார்ந்திருந்தவனை எனக்குத் தெரியாதா? எடுத்துக்கொண்டு போ என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "உக்காந்து பாருங்க மாமா" என்று அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்தார். இடது கையால் சக்கரத்தைப் பிடித்துப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை நான் என்னவென்று சொல்வேன். எனக்காகத்தான் இத்தனை நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு நின்றார் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் சுவரைப் பிடிக்கக் கூப்பிட்டேன். நாளைக்கு என்றார். நான் வற்புறுத்தவில்லை.

விசாரணை அன்று தம்பியே வண்டி வைத்து அழைத்துப் போனான். நாற்காலியைக் கதவோடு நிறுத்து, அங்கிருந்து நான் நடத்திக் கூட்டி வருகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். கதவு வந்தது. அவன் நிறுத்தவில்லை. பாதை கரடுமுரடா இருக்குக்கா என்று சொல்லிக்கொண்டே நேராக அதிகாரியின் மேசை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அதிகாரி இளவயதுப் பெண், மரியாதையாகப் பேசினார். என்னை உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரர் நடப்பதற்கு அந்த இடம் வேண்டும் என்று சொன்னேன். அதிகாரி நாற்காலியைப் பார்த்தார்.

"இவராம்மா?"

"நடந்துட்டு இருந்தவருங்க. நீங்க அடைச்சதுக்கு அப்புறம்தான் இப்படி. இப்பவும் எழுந்து நிப்பாரு."

என் வீட்டுக்காரர் புரிந்துகொண்டார். இடது கையை மேசை விளிம்பில் ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது, உடம்பு கொஞ்சம் எழும்பியது, வலது முழங்கால் நிமிரவே இல்லை. மேசை மேலிருந்த காகிதங்கள் சரிந்தன. தம்பி பின்னாலிருந்து தோளைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தான்.

"வேணாம் மாமா. சிரமப்படாதீங்க."

அதிகாரி காகிதங்களை அடுக்கினார். நாற்காலி யார் கொடுத்தது என்று விசாரித்தார். நகராட்சி கொடுத்ததுதான் மேடம், மேம்பாட்டு நிதியிலிருந்து என்று தம்பி சொன்னான். ரொம்ப நல்லது என்றார். பக்கத்தில் இருந்த எழுத்தரிடம் சொல்லி எழுதவைத்தார். ஆட்சேபணைதாரரின் கணவர் நடக்க இயலாதவர் என்பதாலும், அவருக்கு நகராட்சி மாற்று ஏற்பாடு செய்து கொடுத்துள்ளதாலும், ஆட்சேபணை தீர்வு செய்யப்பட்டது. வளாகத்தில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை வைக்கச் சொல்கிறேன் என்று என்னிடம் தனியாகவும் சொன்னார், அக்கறையாகத்தான் சொன்னார்.

"சரிதானேம்மா?"

"நடந்துட்டு இருந்தாருங்க," என்றேன்.

அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.