எதிரொலி வந்து சேர்ந்த விவரம்

கண்ணாடிக்காரர் குகைக்குள் போட்ட சத்தத்தின் எதிரொலி பதினேழு நாட்கள் கழித்து அவர் வீட்டுக் குளியலறைக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவர் முகம் முழுக்க நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். "ஏய், யாராவது இருக்கீங்களா?" என்று அவருடைய குரலே சுவருக்குப் பின்னாலிருந்து கேட்டது. "இருக்கேன்" என்று பதில் சொல்லிவிட்டு, மீதிப் பக்கத்தையும் மழித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தாமதமாக வரும் விஷயங்களுக்குப் பழகியவர்.

அந்தக் குகை, ஒரு காலத்தில் பஞ்சு மூட்டைகள் அடுக்கிய கிடங்குக்குள் கட்டியிருந்த கேளிக்கைப் பூங்காவில் இருந்தது. வெயிலும் மழையும் படாத பூங்கா. குடும்பம் அங்கே போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை அவர் மனைவிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வாள், குரல் மட்டும் இருக்காது என்று மருத்துவர் தாளில் படம் போட்டுக் காட்டியிருந்தார். அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்பவள். ஓட்டுநர்கள் மைக்கம்மா என்று கூப்பிடுவார்கள், வீட்டிலும் அந்தப் பெயரே தங்கிவிட்டது. மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் நாலு பேரும் எங்காவது போய்விட்டு வரலாம் என்று கேட்டதும், அந்தப் பூங்காவைச் சொன்னதும் அவள்தான். மூன்றாவது ஆள் பதினொரு வயது மகள். அவளை எல்லாரும் வாலு என்பார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. நாலாவது ஆள் கண்ணாடிக்காரரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்தவள், தூங்கும்போது மட்டும் பேசாதவள். கண்ணாடிக்காரர் மறுநாளே போய்ச் சீட்டு வாங்கி வந்தார். சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்ப்பவர் தன் கண்ணாடியைக் கடையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்ததால் அதைப் படிக்கவில்லை.

படித்திருந்தால், பராமரிப்புக்காக எல்லா ஆட்டங்களும் அந்த வாரம் நிறுத்தம் என்று தெரிந்திருக்கும். உள்ளே கூரை முழுக்க நீல வானம் தீட்டியிருந்தார்கள். மழைநீர் ஒழுகிய இடத்தில் ஒரு மேகம் மட்டும் பழுப்பாக இருந்தது. பெரிய ராட்டினம் தார்ப்பாயில் பொதிந்து கிடந்தது. மரக்குதிரைகளைச் சாயம் பூச அனுப்பிவிட்டிருந்ததால் மேடையில் வெறும் கம்பிகள் பாட்டுக்கு ஏற்பச் சுற்றிக்கொண்டிருந்தன. பனி அறையில் பனி இல்லை. ஆனாலும் விதிப்படி நாலு பேருக்கும் கம்பளிக் கோட்டு மாட்டிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்கார வைத்தார்கள். படகு விடும் கால்வாய் வறண்டிருந்தது. வேறு யாரும் வரவில்லை. கடைசியில் தரை தட்டி நின்ற படகில் ஏறி உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பிரித்தார்கள்.

"ஊர்ல உள்ள தம்பியெல்லாம் அக்காவைக் கப்பல்ல ஏத்தறான். என் தம்பியைப் பாரு, தண்ணியே இல்லாம ஏத்தியிருக்கான்" என்றாள் அக்கா.

"அதுவும் நல்லதுதான் அண்ணி. உங்களுக்குத் தலை சுத்தாது."

"நீ பேசாதம்மா. தொண்டைக்கு ஓய்வு குடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரில்ல?"

"நாளன்னைக்கு எடுக்கப் போறதை எதுக்கு அண்ணி பத்திரமா வெச்சுக்கணும்?"

அதற்கு மேல் அவளை யாரும் தடுக்கவில்லை. காலையில் வந்ததிலிருந்து விளக்கை அணைக்கும் வரை மைக்கம்மா பேசினாள். தொண்டையில் கட்டி வந்ததிலிருந்து குரல் கரகரத்திருந்தது. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குவாள், சிரிப்பு வரும் இடத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடுவாள். மைக் முன்னால் தும்மியதில் மூன்று பேருந்துகள் தவறாகக் கிளம்பிப் போன கதையைச் சொன்னாள். தேவையே இல்லாத ஒரு கண்ணாடிக்காக ஒரு கடைக்காரர் தன்னை ஐந்து முறை வரவழைத்துக் கண்ணை அளந்த கதையைச் சொன்னாள். அந்தக் கடைக்காரர் பாதிக் கதையில் எழுந்து, ஓடாத ஆட்டங்களைப் பற்றி யாரிடம் முறையிடலாம் என்று தேடிக்கொண்டு போய்விட்டார். வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படகின் பெயிண்டைச் சுரண்டினாள். அக்கா தம்பியைத் திட்டுவதற்காக நடுநடுவே கதையை நிறுத்தினாள்.

சாயங்காலம் ஒரு கரடி வந்தது. உள்ளே இருந்தவர் பூங்காப் பணியாளர். முதுகில் ஜிப் பிய்ந்திருந்தது.

"எதிரொலிக் குகை மட்டும் ஓடுது மேடம். வர்றீங்களா?"

"குகை எங்கய்யா ஓடும்? நிக்கத்தானே செய்யும்?" என்றபடி அக்கா முதல் ஆளாக எழுந்தாள்.

சிமெண்டில் செய்த குகை அது. ஒவ்வொருவராக உள்ளே போய்க் கத்த வேண்டும். சுவர் அதைப் பெரிதாக்கித் திருப்பிச் சொல்லும், வாசலில் நிற்பவர்களுக்கும் தெளிவாகக் கேட்கும். கண்ணாடிக்காரர் போனார், வாலு போனாள், அக்கா போனாள். மூன்று பேர் கத்தியதற்கும் சுவர் வாயைத் திறக்கவில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசிச்சு" என்று கரடி தன் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருத்தப்பட்டது. கடைசியாக மைக்கம்மா போனாள். அவள் கத்தவில்லை. நெடுநேரம் ஏதோ பேசினாள் என்பது முணுமுணுப்பாக வெளியே வந்ததே தவிர, ஒரு சொல்லும் புரியவில்லை. வெளியே வந்து மூவர் முகத்தையும் பார்த்து, "கேட்டுச்சா?" என்றாள். இல்லை என்றார்கள். "சரி, வரட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை குரல் போனது, ஆள் திரும்பி வந்தாள். அந்தக் குடும்பம் அதை லாபமாகவே எடுத்துக்கொண்டது. அவள் கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் சிறு துணி. கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அது லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைப் போலவே ஒலித்ததால், அவள் சாப்பிடக் கூப்பிட்டபோது கண்ணாடிக்காரர் சுவிட்சை அணைக்க எழுந்து போனார். அவள் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்துவிட்டு அதை அலமாரியில் வைத்தாள். பேருந்து நிலையத்தில் அவள் முன்பே பதிந்து கொடுத்த அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளை நேர அட்டவணை போடும் மேசைக்கு மாற்றினார்கள். தன் குரல் ஜன்னல் வழியே பயணிகளை அழைப்பதைக் கேட்டபடியே அவள் வேலை பார்த்தாள். ஆனால் அது இஸ்திரி போட்ட குரல். வீட்டுக் குரல் எங்குமே பதிவாகவில்லை. போனை நீட்டினால் வாயை மூடிக்கொண்டு படத்துக்கு நிற்பதுபோல நிற்பது அவள் வழக்கம்.

ஆகவே கண்ணாடிக்காரரின் சத்தம் குளியலறைக்கு வந்த அன்றே மற்றவர்களும் காத்திருக்கத் தொடங்கினார்கள். அவருடையது வந்தால் அவளுடையதும் வரும். வாலுவின் சத்தம் அடுத்த ஆண்டு பரீட்சைக் கூடத்துக்கு வந்தது. "சுத்த போர்! வீட்டுக்குப் போலாம்!" என்று கூரையிலிருந்து கேட்டதும் பாதி வகுப்பு விடைத்தாளை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டது. அக்காவுடையது வர மூன்று ஆண்டுகள் ஆயின. பல் மருத்துவர் அவள் வாயைத் திறந்து வைத்து வேலை பார்த்த அரை மணி நேரத்தில், "ஏய் கரடி, ஜிப்பை மூடுடா!" என்று அறைக்குள் கேட்டது. மருத்துவர் திரும்பி நின்று சரிபார்த்துக்கொண்டார். வாலு, பூங்காவுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை ஒலியின் வேகத்தால் வகுத்துப் பார்த்தாள். ஒன்றரை நிமிடம்கூட வரவில்லை. ஒலி வழியில் எங்கோ தங்கிவிட்டு வருகிறது என்று முடிவு செய்தாள்.

மைக்கம்மாவுடையது மட்டும் வரவில்லை. என்ன பேசினாய், எழுதியாவது காட்டு என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டுவாள். காதால் கேட்க வேண்டியதைக் காகிதத்தில் கொடுக்க அவளுக்கு மனமில்லை. இதற்கிடையில் மற்ற மூவரும், வீடு அமைதியானால் அவளுக்குத் தன் குரல் நினைவு வந்துவிடும் என்று பயந்து, அமைதி வராமல் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தில் டிவி, சமையலறையில் ரேடியோ, அவற்றுக்கு மேலே அக்கா. வாலு படிப்பதையும் சத்தமாகவே படித்தாள். கண்ணாடிக்காரர் தூக்கத்திலும் பேசப் பழகிக்கொண்டார். ஆறு ஆண்டுகளில் அந்த வீட்டில் ஒரு நிமிடமும் சும்மா இருந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு முறை குடி மாறினார்கள்.

கண்ணாடிக்காரர் ஒன்றை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுடைய குரலின் கடைசி நாட்களில் ஒன்றை, ஒட்டியிருந்த தாளைப் படிக்காமல், தான் பாழாக்கிவிட்டதாக அவர் நினைத்தார். கடை முடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் போய், எந்த ஊருக்கும் போகாமல், கொஞ்ச நேரம் அறிவிப்புகளைக் கேட்டுவிட்டு வருவார். மைக்கம்மா வீட்டில் இல்லாதபோது அக்கா அந்த நாளைச் சொல்லிக் காட்டுவாள்.

ஏழாம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பூங்காவை இடிக்கப் போகிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். கண்ணாடிக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். குகையை உடைத்துவிட்டால் உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று வாலுவிடம் கேட்டார். பௌதிகம் படிக்கும் வாலுவுக்கும் தெரியவில்லை. பதற்றத்தில் அக்கா, மைக்கம்மா எதிரிலேயே இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டாள்.

"இப்ப துடிச்சு என்னடா? அன்னைக்கே ஒழுங்கா விசாரிச்சு டிக்கெட் எடுத்திருந்தா உன் பொண்டாட்டி நல்ல இடத்துக்குப் போயிருப்பா. ஓடாத படகுல உக்கார வெச்சே ஆபரேஷனுக்கு அனுப்பினியே!"

கண்ணாடிக்காரர் எழுந்து டிவியை அணைத்தார். சமையலறைக்குப் போய் ரேடியோவையும் அணைத்துவிட்டு வந்தார்.

"ஆமாக்கா. நான்தான் கெடுத்தேன். கண்ணாடியைக் கடையில வெச்சுட்டுப் போன முட்டாள் நான்தான். அவ பேச இருந்ததே அந்த ஒரு நாள், அதையும் வீணாக்கிட்டேன். தினமும் அதை நினைச்சுக்கிட்டுத்தான் தேய்க்கறேன்."

அக்கா வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் மூடினாள். வாலு தண்ணீர்க் குவளையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். மைக்கம்மா கணவரையே பார்த்தாள். ஆறு ஆண்டுகளாக இவர் இதைச் சுமந்துகொண்டிருந்தது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இல்லை, இல்லை என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். எழுதுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று மேசை மேல் துழாவினாள். ஒருவரும் பேசவில்லை. மின்விசிறி சுற்றும் ஒலிகூடத் தனியாகக் கேட்டது.

அப்போது மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மைக்கம்மா துழாவுவதை நிறுத்திவிட்டு, உட்காரச் சொல்லி எல்லாருக்கும் கை காட்டினாள். உட்கார்ந்தார்கள். கரகரத்த குரல், கடைசி எழுத்துகளை விழுங்கிக்கொண்டு, சிரிப்பை முன்னாலேயே தொடங்கிவிட்டு, நிதானமாக வந்தது.

"கேக்குதா? என்னங்க, அண்ணி, வாலு... நேருக்கு நேரா சொன்னா அழுதுடுவேன். அதான் இதுக்குள்ள வந்து சொல்றேன். அண்ணி, அவரைத் திட்டாதீங்க. இங்க ஒண்ணும் ஓடாதுன்னு எனக்குத் தெரியும். போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் இந்த இடத்தையே சொன்னேன். எல்லாம் ஓடியிருந்தா ஆளுக்கொரு பக்கம் போயிருப்பீங்க, மிச்ச நேரம் வரிசையில போயிருக்கும். எனக்கு உங்க மூணு பேரையும் ஒரே இடத்துல உக்கார வெச்சு, பொழுது சாயற வரைக்கும் பேசணும்னு இருந்துச்சு. பேசிட்டேன்."