கிங் ராகுலுக்கு இன்னும் பதினேழு நாள்

1

"அக்கா, இதை மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றாள் சுபோதினி.

"சீச்சீ, நான் எழுதுவனே?" என்றேன். சொல்லும்போதே தலைப்பு யோசிக்கத் தொடங்கிவிட்டேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை. மாடியில் டியூசன் வகுப்பு, கீழே படிக்கட்டில் தாய்மார். என் மகளும் சுபோதினியின் மகன் ராகுலனும் மேலே பௌதிகம் படிக்க, நாங்கள் இருவரும் கீழே இரண்டு மணித்தியாலம் காத்திருப்போம். (பெயர்களை மாற்றிவிட்டேன். வாரப் பத்திரிகைகளில் அப்படிச் சொல்வது வழக்கம். நம்புவது உங்கள் விருப்பம்.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

'நீலக்கடல் கரையைத் தழுவ, சுபோதினியின் உள்ளத்திலும் ஓர் அலை எழுந்து…'

வேண்டாம். உள்ளத்தில் அலை ஒன்றும் இல்லை. கையில் துப்பாக்கி இருந்தது.

போனுக்குள்தான். நூறு பேர் ஒரு தீவில் குதித்து ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் ஓர் அணி மட்டும் மிஞ்சும் விளையாட்டு. போன் ராகுலனுடையது. உயர்தரப் பரீட்சை முடியும்வரை தரமாட்டேன் என்று ஆறு மாதத்துக்கு முன் அவள் பறித்து வைத்தது. பறித்த நாள் முழுவதும் 'வாடா, ஒராள் குறையுது' என்று செய்தி வந்துகொண்டே இருந்ததாம். 'அவன் படிக்கிறான்' என்று பதில் போடத்தான் திறந்தாளாம். எதை அழுத்தினாளோ, தீவில் குதித்துவிட்டாள். நாற்பது விநாடியில் செத்தும் போனாள். பண்பாக, 'மன்னிக்கவும்' என்று எழுதினாள்.

"என்னடா கிங், மன்னிக்கவுமாம்" என்று காதுக்குள் ஓர் ஆண்குரல் சிரித்தது. "படிச்சுப் படிச்சு மண்டை கழண்டிட்டுதா?"

விளையாட்டில் ராகுலனின் பெயர் கிங் ராகுல். சிரித்தவன் றேமண்ட், கொட்டாஞ்சேனைக்காரன், புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடையில் வேலை. ராகுலன் அவனை நேரில் கண்டதில்லை.

3

(இந்த இடத்தில் என் பாத்திரத்தை நானே சந்தேகித்தேன். நாற்பத்தைந்து வயது, கழுத்தில் தாலி, கைப்பையில் பேரீச்சம்பழம். இவள் ஆறு மாதம் மகனின் பெயரில் சுடுவாளா?)

சுடுவாள். பரீட்சை வருடத்தில் நம்மவர் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிவிக்குத் துணி போர்த்தியாகிவிட்டது. விருந்தாளி வரக்கூடாது, கலியாண வீட்டுக்குப் போகக்கூடாது. கணவர் டோஹாவிலிருந்து போன் எடுத்தால் "படிக்கிறானா?" என்று மட்டும் கேட்பார். வாய் திறந்து கதைக்க ஆள் கிடையாது. போனுக்குள் மட்டும் தினமும் பின்னேரம் மூன்று பேர் "கிங் வந்திட்டான்" என்று சந்தோஷப்பட்டார்கள். அவள் மைக்கைத் திறந்ததே இல்லை, எழுதுவாள். மருந்துப் பெட்டி கிடைத்தால் பந்தியில் பரிமாறுவதுபோல மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தனக்கு எடுப்பாள். தகரத் தரத்தில் கிடந்த கிங் ராகுல் தங்கத் தரத்துக்கு ஏறினான்.

வீட்டிலோ உண்மையான ராகுலன் கேட்பான்: "அம்மா, என்ட போனைச் சும்மா வச்சிருக்காதேங்கோ, பற்றரி பழுதாயிடும்."

"பழுதாகாது. நீ படி."

4

போன செவ்வாய்க்கிழமைதான் வினை வந்தது.

"கிங், உனக்குப் பேப்பருக்கு இன்னும் பதினேழு நாள்" என்றான் றேமண்ட். "இனி நீ வரவேணாம். நான் ஏ.எல். பெயிலானதே இந்த விளையாட்டாலதான். இப்ப ஆணி நிறுக்கிறன். போய்ப் படி."

'படித்து முடித்துவிட்டேன்' என்று எழுதினாள்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற" என்றாள் றலியா, அணியின் இன்னொருத்தி. "முடிச்சிட்டு வா. ஒன்ட எடம் எங்கயும் போகாது."

"பிழை இவன்ட இல்ல" என்றான் றேமண்ட். "சோதினை நேரத்தில போனைக் குடுத்துட்டு இருக்கிறாவே, அந்த அம்மாவைச் சொல்லோணும். என்ன மனுசியோ."

சுபோதினி அவசரமாக எழுதினாள்: 'அம்மா நல்லவ.'

அனுப்புவதற்குள் அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பதினேழு நாளும் பரீட்சையும் கழிந்தபின் அந்த இடத்துக்குத் திரும்பப்போவது ராகுலன். அவள் இல்லை.

5

நான் கதை எழுதும் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார். "மேடம், அந்த அம்மா விளையாட்டை அழிச்சிடட்டும். பெடியனுக்கு மூண்டு பாடத்திலயும் ஏ. வாசகிகள் கண்கலங்கோணும்." எழுதிப் பார்த்தேன். மூன்றாவது ஏ வரும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

இன்னொன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள்; அணி வெள்ளவத்தைக்கு வந்து வடையும் பிளேன் ரீயும் சாப்பிடுகிறது; எல்லோரும்…

பிறகு ராகுலனை நினைத்தேன். பல்கலைக்கழகம் போனாலும், பொறியியலாளர் ஆனாலும், அந்தத் தீவில் அவன் 'அம்மா விளையாடித் தங்கம் எடுத்த கிங்' தான். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிட ஒரு தோல்வி உண்டா? சுபோதினிக்கும் அது தெரியும். அதனால்தான் இரண்டு நாளாக எழுதுகிறாள், அழிக்கிறாள்.

6

இன்று வியாழன், நாலு இருபது. இதைப் படிக்கட்டில் வைத்துத்தான் எழுதுகிறேன். பக்கத்தில் சுபோதினி போனை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள். றேமண்டுக்கு ஒரு செய்தி, பாதியில் நிற்கிறது:

'தம்பி, நான் ராகுலன்ட அம்'

"அக்கா, அனுப்பவா?"

அனுப்பினால் எனக்கு நல்ல கதை. அனுப்பாவிட்டால் அவளுடைய மகனின் மானம் மிஞ்சும். எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டிருப்பவள் எந்த முகத்தோடு ஆலோசனை சொல்வது?

"உங்களைத்தான் கேக்கிறன்" என்கிறாள்.

மேலே கதிரைகள் இழுபடுகின்றன. வகுப்பு முடிந்துவிட்டது. ராகுலன் எப்போதும் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இறங்குகிறவன். என்னால் முடியவில்லை; வாசகரே, போனை உங்களிடம் தருகிறேன். அனுப்பும் பொத்தான் வலப்பக்கம், அழிக்கும் பொத்தான் அதற்குச் சற்று மேலே. மொத்தம் இருபத்திரண்டு படி.