மான் கொம்புக்குச் சாயம்

யாகோப்பு ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் பேருந்து ஓட்டுபவர். ஐம்பது வயது தாண்டிய பிறகு வேட்டை உரிமத்துக்குப் படிக்கப்போவதாக அவர் சொன்னபோது, மனைவி மரியமலர் அதை ஒரு காய்ச்சல் என்றுதான் எடுத்துக்கொண்டார். தானாக இறங்கிவிடும் என்று நினைத்தார். இறங்கவில்லை. பரீட்சையில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறி, கூட வேலை செய்யும் டீற்றரோடு காட்டுக்குப் போய், யாகோப்பு ஓர் ஆண் மானைச் சுட்டே விட்டார்.

இறைச்சியைப் பற்றி மரியமலருக்கு மறுப்பில்லை. மிளகைத் தூக்கலாகப் போட்டுப் பிரட்டல் வைத்தார். சிக்கல் தலையால் வந்தது.

மான் யாருடையதோ, தலையைச் சுத்தம் செய்வதும் அவர் பொறுப்பு என்று டீற்றர் சொல்லிவிட்டார். தோலை உரித்து, அவித்து, மண்டையோட்டை வெள்ளையாக்கி, கொம்போடு பலகையில் பொருத்தி, வேட்டைச் சங்கத்தின் கோடை விழாவில் பார்வைக்கும் நடுவரின் புள்ளிக்கும் வைக்கவேண்டும். யாகோப்புக்கு இதுதான் முதல் தலை. தோலை உரித்தார். இரத்தம் ஊறிப் போவதற்காகத் தலையைத் தண்ணீர் வாளிக்குள் வைத்தார். வாளியைக் குளியலறையில் வைத்தார். சொல்ல மறந்துவிட்டார்.

"மாதாவே!" என்று மரியமலர் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு வீஸ்னர் அம்மா படியிறங்கி வந்து, எல்லாம் நலமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"தோலில்லாத முகம்! கண் மட்டும் என்னையே பாக்குது! நான் துவாயோட நிக்கிறன்!"

"அது செத்துப்போச்சு மலர். ஒண்டையும் பாக்காது."

"பல்கனிக்குக் கொண்டு போங்கோ. என்ரை சட்டி ஒண்டிலையும் கைவைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

யாகோப்பு பழைய சாமான் சந்தையில் பெரிய சட்டி ஒன்று வாங்கி வந்தார். பல்கனியில் சின்ன எரிவாயு அடுப்பை மூட்டி, தண்ணீரில் சலவைச் சோடாவைக் கலந்து, கொம்பு நனையாமல் தலையை இறக்கினார். கொதிக்கவிடக் கூடாது, கொதித்தால் எலும்பு மூட்டுகள் விட்டுப்போகும் என்று டீற்றர் எச்சரித்திருந்தார். அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, குழந்தைக்குப் பால் காய்ச்சுபவரைப் போலக் காவலிருந்தார்.

வீஸ்னர் அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்தார். "யாகோப்பு, நல்ல மணமாக இருக்கிறதே! சூப்பா?"

"இல்லை அம்மா. சோடா போட்டிருக்கிறேன்."

"ஓ, உங்கள் நாட்டு முறையா?" என்று ஆவலோடு கேட்டார். விளக்கப் போனால் வம்பு என்று யாகோப்பு தலையாட்டி வைத்தார்.

வெந்த தசையைக் கத்தியால் சுரண்டினார். வளைத்த கம்பியால் மண்டைக்குள் இருந்ததைத் தோண்டி எடுத்தார். பின்னேரம் களைத்துப்போய் உள்ளே வந்து, "மூளை முழுக்க எடுத்தாச்சு," என்றார்.

"ஆரின்ரை மூளை?" என்று கேட்டார் மரியமலர்.

இனி வெளுக்க வேண்டும். அதற்குப் பெரொக்சைட் தேவை. அது மரியமலரின் சலூனில் தாராளமாக இருந்தது. பதினைந்து வருடமாக ஜெர்மன் பெண்களின் முடியைப் பொன்னிறமாக்கி வருபவர் அவர்.

"முடிக்குப் பூசுறதைச் செத்த மிருகத்துக்குத் தரச் சொல்லுறியளோ?"

"கொஞ்சம்தான் மலர்."

அடுத்த நாள் திட்டிக்கொண்டேதான் கிறீமைக் கொண்டுவந்தார். ஆனால் யாகோப்பு அதைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அப்புவதைக் கண்டதும் அவரால் பொறுக்க முடியவில்லை. "தள்ளுங்கோ அங்காலை," என்று தூரிகையைப் பறித்தார். கையுறை மாட்டி, மூக்கெலும்பிலிருந்து தொடங்கி, கண்குழியைச் சுற்றி, ஒரு இடமும் விடாமல் பூசினார். "கொம்பிலை படக்கூடாது," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

கிண்ணத்தில் கொஞ்சக் கிறீம் மீந்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கழுவி ஊற்ற யாகோப்புக்கு மனம் வரவில்லை. கொம்பிலும் ஊத்தை இருக்கத்தானே செய்கிறது, மெல்லிசாகப் பூசினால் என்ன வந்துவிடும் என்று நினைத்தார்.

மரியமலர் வீட்டுக்கு வந்தபோது யாகோப்பு முக்காலியில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். மண்டையோடு பால்போல வெள்ளையாக இருந்தது. அதன்மேல் மரப்பட்டைபோல நல்ல கபில நிறத்தில் இருந்த கொம்புகள், கடற்கரையில் விடுமுறை கழித்துவிட்டு வந்ததுபோலப் பொன்னிறமாகி நின்றன.

மரியமலர் சிரிக்கத் தொடங்கி, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகுதான் கணவரின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு விழா. எல்லாரும் பாத்துச் சிரிக்கப் போறாங்கள். தமிழன் சுட்ட மான் எண்டு."

சிரிப்பு நின்றது. "எழும்புங்கோ. நிறம் போனால் நிறம் போடலாம். அதுதானே என்ரை தொழில்."

சலூனிலிருந்து நிறமாதிரி முடிக்கற்றைகள் கோர்த்த வளையம் வந்தது. யாகோப்பின் தொலைபேசியில் இருந்த மானின் படத்தோடு மரியமலர் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். அடிக்குக் கடும் கபிலம், நடுவுக்கு ஒரு படி இளசு. முனைகளைச் சாயம் படாமல் தாளால் சுற்றினார். "முனை எப்பவும் வெளிச்சமா இருக்கவேணும். அப்பதான் இயற்கையாத் தெரியும்," என்று தன் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல மானிடம் சொன்னார்.

மறுநாள் விழா மண்டபத்தில் சுவர் முழுக்க மான் தலைகள். மீசை வைத்த ஒரு முதிய நடுவர் யாகோப்பின் பலகைக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்ன அழகான நிறம்!" என்றார். டீற்றர் பெருமையோடு யாகோப்பின் தோளில் தட்டினார். யாகோப்பு நிலத்தைப் பார்த்தார்.

நடுவர் கிட்டக் குனிந்தார். மோந்தார். இன்னொருமுறை மோந்தார். "வாதுமை எண்ணெய் வாசம் வருகிறதே?"

யாகோப்பு டீற்றருக்குப் பின்னால் நகர்ந்தார். மரியமலர்தான் முன்னால் வந்தார். "அது சாயத்துக்குப் பிறகு பூசிய கண்டிசனர்," என்றார். "நான் முடி அலங்காரம் செய்பவள். இவர் கொம்பை வெளுக்க வைத்துவிட்டார், நான் திருத்தினேன். முனையைப் பாருங்கள், நன்றாக வந்திருக்கிறது அல்லவா?"

நடுவர் முனையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். யாகோப்பு பயந்த சிரிப்பு அல்ல அது. சாயம் பூசிய கொம்புக்குப் புள்ளி கிடையாது என்று நடுவர் கண்ணைத் துடைத்தபடி அறிவித்தார். ஆனால் யாகோப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பியர் வாங்கிக் கொடுத்து, முழுக் கதையையும் சோடாவிலிருந்து சொல்லச் சொன்னார். யாகோப்பு சொன்னார். மூன்றாவது மேசைக்குச் சொல்லும்போது கதை நன்றாக நீண்டிருந்தது.

வீட்டில் வைக்க மரியமலர் சம்மதிக்கவில்லை. மான் சலூனில், காசு மேசைக்கு மேலே தொங்குகிறது. போன கிழமை வந்த ஒரு பெண், நிறமாதிரி வளையம் முழுவதையும் புரட்டிவிட்டு, எதுவும் பிடிக்காமல் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"அது," என்றாள் விரலை நீட்டி. "அந்த நிறம் எனக்குக் கிடைக்குமா?"

"ஓம், ஓம்," என்று தன்னை அறியாமல் தமிழில் சொல்லிவிட்டு, மரியமலர் அவளுக்கு வெள்ளிக்கிழமை வரச்சொல்லி, நேரம் குறித்த ரேமின் சீட்டைக் கொடுத்தார்.